தலையில் ஆபரேஷன்: கேட்டவர்களுக்குப் பதில்

பெங்களூரில் மூளை, தண்டுவட ஆபரேஷன் என்றாலே பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ஓசூர் ரோட்டில் இருக்கும் அரசு மருத்துவமனையான நிமான்ஸ். அங்கே போகிறவர்களானாலும் தனியார் மருத்துவமனையில் சேர்கிறவர்களானாலும் எங்களுக்கு எழுதிக் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். இந்த இதழை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். நரம்பு அறுவைப் பிரிவில் பணிபுரியும் மருத்துவர்களும் செவிலியரும் சேர்ந்து பதில் சொல்கிறார்கள். இங்கே இருப்பது பொதுவான நடைமுறை. உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள். காரணத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

என் மாமியாருக்கு 62 வயது. மூளையை மூடியிருக்கும் சவ்வில் மெனிஞ்சியோமா கட்டி. அடுத்த மாதம் ஆபரேஷன். சர்க்கரை, பி.பி., ஆஸ்பிரின், வலிப்பு மாத்திரை எல்லாம் சாப்பிடுகிறார். எதை நிறுத்துவது, எதைக் கொடுப்பது?
– வாசகி, அல்சூர்

மயக்க மருந்து டாக்டரைப் பார்க்கப் போகும்போது சீட்டோடு மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சீட்டில் இருப்பது டாக்டர் எழுதியது. அட்டையில் இருப்பது உங்கள் மாமியார் உண்மையில் விழுங்குவது. பல வீடுகளில் இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை. லேகியம், மீன் எண்ணெய் மாத்திரை, சித்த மருந்துச் சூரணம் எதுவானாலும் பைக்குள் வர வேண்டும். சிலவற்றுக்கு ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும் குணம் உண்டு.

ஆஸ்பிரின் ரத்தத் தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவிடாது. அதன் வேலை தீர வேண்டுமானால் புதுத் தட்டணுக்கள் உருவாக வேண்டும். அதற்கு ஒரு வாரம் ஆகும் என்பதால் பொதுவாக 7 நாள் முன்பே நிறுத்தச் சொல்வோம். ரத்தம் உறையாமல் தடுக்கும் மற்ற மாத்திரைகளில் குளோபிடோக்ரெல் என்றால் 5 முதல் 7 நாள். வார்ஃபரின் என்றால் 5 நாள், பிறகு ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனை. இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. வயிற்றுக்குள் 50 மில்லி ரத்தம் கசிந்தால் உடம்பு தாங்கிக்கொள்ளும். மண்டையோட்டுக்குள் விரிந்துகொடுக்க இடமில்லை. அதே 50 மில்லி மூளையை அழுத்தி உயிருக்கே உலை வைத்துவிடும்.

ஆனால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள், அதிலும் வைத்து ஒரு வருடம் ஆகாதவர்கள், தாமாக எதையும் நிறுத்தவே கூடாது. ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம். இதய டாக்டரும் மூளை ஆபரேஷன் டாக்டரும் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது. அந்தப் பேச்சு நடந்ததா என்று நீங்கள் வாய்விட்டுக் கேளுங்கள்.

சர்க்கரை மாத்திரைகளில் டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் இரண்டையும் 3 நாள் முன்பே நிறுத்துவது வழக்கம். பட்டினியாக இருக்கும் உடம்பில் இவை ரத்தத்தை அமிலமாக்கிவிடலாம். அப்போது குளுக்கோமீட்டரில் சர்க்கரை ஓரளவு சரியாகவே காட்டும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. மெட்ஃபார்மினை அன்று காலை மட்டும் விட்டால் போதும். பி.பி. மாத்திரைகளில் டெல்மிசார்ட்டான், ராமிப்ரில் வகைகளைப் பெரும்பாலும் 24 மணி நேரம் முன்பு நிறுத்துவோம். மயக்கத்தில் ரத்த அழுத்தம் தடாலென்று இறங்கிவிடும். அட்டெனோலால், மெட்டோப்ரோலால் அப்படியல்ல. அவற்றைத் திடீரென்று நிறுத்தினால் இதயம் படபடவென்று ஓடும், ஆகவே தொடர வேண்டும்.

வலிப்பு மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிடாதீர்கள். ஆபரேஷன் அன்று காலையிலும் ஒரு மடக்குத் தண்ணீரில் கொடுக்க வேண்டும். “வெறும் வயிறு என்றார்களே” என்று இதையும் சேர்த்து நிறுத்திவிட்டு, தியேட்டருக்குப் போகும் முன்பே வலிப்பு வந்தவர்கள் உண்டு.

வெறும் வயிறு என்றால் காபிகூடக் கூடாதா?
– வாசகர், ஸ்ரீராமபுரம்

பால் கலந்த காபியும் டீயும் உணவுக் கணக்கில்தான் வரும். இட்லி, ரொட்டி போன்ற லேசான உணவுக்கும் பாலுக்கும் 6 மணி நேரம். பிரியாணி, வறுவல் மாதிரி எண்ணெய்ப் பலகாரங்களுக்கு 8 மணி நேரம். வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம். மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விட்டால் ஆபரேஷனைவிட அதுவே பெரிய சிக்கலாகிவிடும். விபத்துக் கேஸ் வந்து உங்கள் முறை மதியத்துக்குத் தள்ளிப்போனால், பரிதாபப்பட்டு நீங்களாக எதையும் ஊட்டாதீர்கள். “புது நேரம் என்ன, அதுவரை தண்ணீர் தரலாமா” என்று வார்டு சிஸ்டரைக் கேளுங்கள்.

அம்மாவின் முடி முழுவதையும் எடுத்துவிடுவார்களா? தாலியையும் மெட்டியையும் கழற்றியே ஆக வேண்டுமா?
– வாசகி, விவேக்நகர்

இப்போது பல இடங்களில் வெட்டப்போகும் கோட்டை ஒட்டி இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலத்துக்கு மட்டுமே முடியை எடுக்கிறார்கள், அதுவும் மின் கிளிப்பரால். சவரக் கத்தி படும்போது கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். கிருமி அங்கேதான் குடியேறும். நேர்ந்துகொண்டு மொட்டை போடுவதாக இருந்தாலும் தேதியை டாக்டரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்பிருந்து தலையில் எண்ணெய் வேண்டாம். கட்டியின் இடத்தைத் திரையில் காட்டும் நேவிகேஷன் கருவிக்காக ஒட்டும் வில்லைகளும் பிளாஸ்டரும் எண்ணெய்த் தலையில் நிற்காது.

ரத்தக் குழாயைச் சுட்டு அடைக்க மின்சாரக் கருவி பயன்படுத்துவார்கள். உடம்பில் உலோகம் இருந்தால் அந்த இடத்தில் தோல் வெந்துபோகும் வாய்ப்பு உண்டு. பல வருடமாகக் கழற்றாத மெட்டி சோப்புத் தண்ணீருக்கும் அசையாவிட்டால், தட்டாரிடம் போய் முன்கூட்டியே வெட்டி எடுத்துவிடுங்கள். தியேட்டர் வாசலில் பிடுங்கி இழுத்தால் விரல்தான் வீங்கும். தாலியைக் கழற்ற மனம் வராதவர்கள், உலோகத்தை நீக்கிவிட்டு வெறும் மஞ்சள் கயிறோடு போகலாமா என்று முதல் நாளே கேளுங்கள். கழுத்து நரம்பில் ஊசி போட வேண்டியிருந்தால் அதுவும் கழுத்தில் இருக்க முடியாது. மருதாணியும் நகப்பூச்சும் வேண்டாம். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கிளிப் தப்பாகக் காட்டும். ஆடும் பல் இருந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள்.

காலை 7.30க்கு உள்ளே கொண்டுபோனார்கள். மாலை 4 வரை ஒரு தகவலும் இல்லை. உள்ளே அவ்வளவு நேரம் என்னதான் நடக்கும்?
– வாசகர், கே.ஜி.எஃப்.

7.30க்கு உள்ளே போனவர் மேல் 9.30 வரை கத்தியே படாமல் இருக்கலாம். கையில் இரண்டு ஊசி, மணிக்கட்டு நாடியில் ரத்த அழுத்தத்தை நொடிக்கு நொடி காட்டும் மெல்லிய குழாய், சிறுநீர்க் குழாய், தொண்டையில் மூச்சுக்குழாய் எல்லாம் போட்டாக வேண்டும். பிறகு தலையை மூன்று ஊசிமுனைகள் உள்ள இடுக்கியில் அசையாமல் பொருத்துவார்கள். மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் செய்கிற வேலையில் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் வம்பு. வெளியே வந்தபின் நெற்றியிலோ காதுக்கு மேலோ தெரியும் சின்னப் புண்கள் இந்த முனைகள் பதிந்த இடங்கள். சில நாளில் ஆறிவிடும்.

தோலைத் திறந்ததும் ஓரங்களில் வரிசையாகக் கிளிப் மாட்டி ரத்தத்தை நிறுத்துவார்கள், ஏனென்றால் தலைத்தோல் மற்ற இடத்துத் தோலைவிட அதிகமாக ரத்தம் கொட்டும். எலும்பில் ஒன்றிரண்டு துளை போட்டு, துளைக்குத் துளை சிறு ரம்பத்தால் அறுத்து, ஒரு துண்டை மூடி போலக் கழற்றி எடுப்பார்கள். அடியில் கெட்டியான சவ்வு. அதையும் திறந்த பிறகுதான் மூளை தெரியும். கட்டியை முழுசாக இழுத்து எடுப்பதில்லை. உள்ளிருந்து கரைத்து உறிஞ்சிச் சிறிதாக்கி, பிறகு ஓரங்களைப் பிரிப்பார்கள். நடுவில் ஒரு துணுக்கை உறையவைத்துப் பார்க்க அனுப்பினால் பதில் வர அரை மணி நேரம் போகும். கட்டி வந்தபின் ரத்தம் அடியோடு நின்றுவிட்டதா என்று பொறுமையாகப் பார்ப்பார்கள். அவசரப்படவே கூடாத கட்டம் இது. பிறகு சவ்வைத் தைத்து, எலும்பைச் சிறு டைட்டானியம் தகடுகளால் திருகி, தோலுக்கு ஸ்டேப்ளர் போடுவார்கள்.

ஆகவே நேரம் நீள்வதை மட்டும் வைத்து ஏதோ ஆகிவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். உள்ளே போகும் முன்பே கேட்டு வையுங்கள்: எத்தனை மணி நேரம் எதிர்பார்க்கிறீர்கள், நடுவில் யார் வந்து தகவல் சொல்வார்கள், இரவு வென்டிலேட்டரில் வைக்கும் உத்தேசம் உண்டா? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். முன்கூட்டியே திட்டமிட்ட வென்டிலேட்டர் என்று தெரியாமல், குழாயோடு படுத்திருப்பவரைப் பார்த்துக் குடும்பமே நொறுங்கிப்போகிறது.

என் கணவருக்குப் பேச்சுப் பகுதிக்குப் பக்கத்தில் கட்டி. விழித்திருக்கும்போதே ஆபரேஷன் செய்யப்போவதாகச் சொல்கிறார்கள். வலிக்காதா? வீட்டில் தமிழ், வேலையில் கன்னடம், படித்தது ஆங்கிலம்.
– வாசகி, காக்ஸ் டவுன்

மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. தலைத்தோலுக்கும் சவ்வுக்கும் தெரியும். அதற்குப் பல் பிடுங்கும்போது போடுவதைப் போன்ற மரப்பு ஊசியைச் சுற்றிலும் போடுவார்கள். திறக்கும்போதும் மூடும்போதும் லேசான தூக்கத்தில் வைத்து, நடுவில் மட்டும் எழுப்புவது பரவலான முறை. விழித்திருக்கும் நேரத்தில் படம் காட்டிப் பெயர் கேட்பார்கள், எண்ணச் சொல்வார்கள், பேச்சுக் கொடுப்பார்கள். அதே நேரத்தில் மூளையின் மேல்பரப்பில் மிக மெல்லிய மின்சாரம் தொடும். தொட்ட இடத்தில் சொல் தடுமாறினாலோ பேச்சு நின்றாலோ, அந்த இடத்தைச் சர்ஜன் தொடமாட்டார். மின்சாரத்தை எடுத்ததும் பேச்சு திரும்பிவிடும்.

நீங்கள் மொழிகளைப் பற்றி எழுதியிருப்பது முக்கியமான தகவல். இரண்டு மூன்று மொழி பேசுகிறவருக்கு ஒவ்வொன்றும் மூளையில் ஓரளவு வேறு வேறு இடங்களைப் பயன்படுத்தலாம். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துவிட்டு, வீட்டுக்கு வந்தபின் தமிழ் திணறினால் பயனில்லை. எனவே அவர் எந்த மொழியில் சண்டை போடுவார், எந்த மொழியில் கணக்குப் போடுவார் என்பதுவரை குழுவிடம் சொல்லுங்கள். தமிழ் தெரிந்த ஒருவர் தியேட்டருக்குள் இருப்பாரா என்று கேளுங்கள். முந்தின நாள் ஒத்திகை நடக்கும். அதில் அவருக்குச் சொல்ல வராத படங்களை எடுத்துவிட வேண்டும். கத்தரிக்கோல் படத்தைப் பார்த்ததும் ‘சிசர்’ என்றுதான் எப்போதும் சொல்வார் என்றால் அதையும் குறித்துவைக்க வேண்டும். இல்லாவிட்டால் அன்று அதைத் தவறு என்று எடுத்துக்கொண்டு, எடுக்கக்கூடிய கட்டியை விட்டுவிட நேரும்.

மின்சாரம் தொடும்போது சிலருக்கு வலிப்பு வருவதுண்டு. குளிர்ந்த உப்புநீரை மூளைமேல் ஊற்றினால் பெரும்பாலும் அடங்கிவிடும். அதைப் பக்கத்திலேயே தயாராக வைத்திருப்பார்கள்.

ஐ.சி.யூ.வில் அப்பாவை மணிக்கொரு முறை எழுப்பிப் பெயர் கேட்கிறார்கள். தூங்கவிடக் கூடாதா?
– வாசகர், சிவாஜி நகர்

முதல் 24 மணி நேரத்தில் தூக்கத்தைக் கெடுத்தே தீர வேண்டும். உள்ளே ரத்தம் கசிந்தால் முதல் அறிகுறி மயக்கக் கலக்கம். அது வெறும் தூக்கம் போலவே இருக்கும். 1974இல் வந்த கிளாஸ்கோ அளவுகோலைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம்: கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கைகால் அசைவுக்கு 6, மொத்தம் 15. முந்தின மணிக்கு 15 இருந்தவர் இப்போது 13 என்றால் சி.டி. எடுக்க ஓட வேண்டும்.

இங்கே குடும்பத்தார் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. சேரும்போதே நான்கு விஷயங்களைக் கேஸ் தாளில் எழுதச் சொல்லுங்கள். உதாரணத்துக்கு: அப்பாவுக்குத் தமிழ் மட்டும்தான் புரியும். வலது காது கேட்காது. கண்புரை ஆபரேஷன் ஆனது, அந்தக் கண்ணின் பாப்பா வட்டமாக இல்லை. இடது கை ஏற்கெனவே பலவீனம். இவை எழுதப்படாவிட்டால் என்ன ஆகும்? கன்னடத்திலோ இந்தியிலோ கேட்ட கேள்விக்கு அவர் விழித்தால் பேச்சுக்கு மதிப்பெண் குறையும். பாப்பா இரண்டும் சமமாக இல்லை என்று நடு இரவில் பதறுவார்கள். அதைவிட மோசம், உண்மையான மாற்றத்தை “அவருக்கு மொழி புரியவில்லை” என்று விட்டுவிடலாம். கண்ணாடியையும் காது மெஷினையும் மறுநாள் காலையே கொண்டுவந்து கொடுங்கள். வயதானவர்களுக்கு ஐ.சி.யூ.வில் வரும் பிதற்றல் அதனாலேயே ஓரளவு குறையும்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் கண் வீங்கி மூடிக்கொண்டது. வாய் ஒரு விரல் அகலம்தான் திறக்கிறது. தலைக்குள் டக் டக் என்று சத்தம் கேட்கிறதாம்.
– வாசகி, ஆஸ்டின் டவுன்

நெற்றிப் பக்கம் திறந்தவர்களுக்குக் கண் இமை வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும். ஒரு வாரத்தில் வடியும். தலைமாட்டை 30 டிகிரி உயர்த்தி வையுங்கள். பொட்டெலும்புப் பக்கம் வெட்டும்போது மெல்லும் தசையைப் பிரிப்பதால் வாய் திறக்க வலிக்கும். வலிக்கிறதே என்று கஞ்சியோடு நிறுத்திவிட்டால் தாடை இறுகிவிடும். தினமும் பலமுறை கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பழக வேண்டும். சத்தம் எலும்பு ஒட்டும் வரை வரும், பயம் வேண்டாம். ஆனால் வீங்கிய கண்ணைக் கையால் திறந்து பார்க்கும்போது பார்வை மங்கியிருந்தால் உடனே சொல்ல வேண்டும்.

ஒயிட்ஃபீல்டில் பைக் விபத்து. தம்பியின் மண்டையோட்டில் பாதியை எடுத்து வயிற்றுக்குள் வைத்திருப்பதாகச் சொல்கிறார்கள். இது எப்படி?
– வாசகர், ஓசூர்

அடிபட்ட மூளை வீங்கும்போது எலும்பை மூடி வைத்தால் அழுத்தம் மூளைத்தண்டை நெரித்துவிடும். உள்ளங்கையை விடப் பெரிய துண்டாக எலும்பை எடுத்து, வீங்க இடம் விடுவதுதான் இந்தச் சிகிச்சை. எடுத்த எலும்பை வயிற்றுத் தோலுக்கு அடியில் கொழுப்புக்குள் பத்திரப்படுத்துவார்கள், அல்லது மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியில் வைப்பார்கள். வீக்கம் வடிந்ததும், பெரும்பாலும் ஒன்றரை மாதத்திலிருந்து மூன்று மாதத்துக்குள், திரும்பப் பொருத்துவார்கள். கிருமித் தொற்று வந்திருந்தால் தள்ளிப்போகும். எலும்பு கெட்டுவிட்டால் டைட்டானியம் போன்ற செயற்கை மூடி.

அதுவரை அந்தப் பக்கமாகப் படுக்கவைக்கவே கூடாது. கட்டின்மேல் ‘இந்தப் பக்கம் எலும்பு இல்லை’ என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள், வருகிற ஒவ்வொரு பிசியோதெரபிஸ்டுக்கும் சொல்லுங்கள். எழுந்து நடக்க ஆரம்பித்தால் தலைக்குக் காப்புத் தொப்பி வேண்டும். எலும்பு இருக்கும் வயிற்றுப் பக்கம் இன்சுலின் ஊசியோ, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியோ போடக்கூடாது. எலும்பு எடுத்த இடம் படுத்தால் லேசாகப் புடைப்பதும் எழுந்தால் குழிவதும் வழக்கம்தான். புடைத்து இறுகிக்கொண்டே போனாலோ, உட்கார்ந்ததும் தலைவலியும் பலவீனமும் கூடினாலோ காட்டுங்கள். உறைபெட்டியில் வைத்திருந்தால் எந்த மருத்துவமனை, எந்த எண், எத்தனை மாதம் வைப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூக்கு வழியாகப் பிட்யூட்டரி (மூளைக்கு அடியில் உள்ள ஹார்மோன் சுரப்பி) ஆபரேஷன் ஆனது. வீட்டுக்கு வந்ததும் எதில் கவனம் வேண்டும்?
– வாசகி, பிரேசர் டவுன்

மூக்கைச் சிந்தக் கூடாது; தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும்; முக்கி மலம் கழிக்கக் கூடாது. குனியும்போது தண்ணீர் போலச் சொட்டி, தொண்டையில் உப்புக் கரித்தால் அது மூளைநீராக இருக்கலாம். சளி என்று விட்டுவிடாமல் அன்றே போய்க் காட்டுங்கள். அடக்க முடியாத தாகமும் குடம் குடமாகச் சிறுநீரும் வந்தால் ஒரு ஹார்மோன் குறைந்திருக்கிறது என்று பொருள். அதற்கு நேர்மாறாக, முதல் வாரக் கடைசியில் சோடியம் இறங்கி வாந்தியும் குழப்பமும் வரலாம். 7ஆம் நாளையொட்டி ஒரு சோடியம் டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருந்தால், நன்றாக இருக்கிறாரே என்று அதைத் தவிர்க்காதீர்கள்.

வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பத்தியம் என்ன? எப்போது தலைக்குக் குளிக்கலாம்? ஊர் சேலம், பஸ்ஸில் போகலாமா?
– வாசகர், மர்பி டவுன்

பத்தியம் கிடையாது. மீன், முட்டை, கத்தரிக்காய் சாப்பிட்டால் புண் சீழ் பிடிக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. புண் ஆறப் புரதம்தான் வேண்டும்: பருப்பு, சுண்டல், முட்டை, மீன் தாராளமாகக் கொடுங்கள். மலச்சிக்கலுக்கு இடம் கொடுக்காதீர்கள்.

தையலோ ஸ்டேப்ளரோ பொதுவாக 7 முதல் 10 நாளில் எடுப்பார்கள். தலைக்கு ஊற்றுவது உங்கள் டாக்டர் சொன்ன பிறகு, வெதுவெதுப்பான நீரில், நகம் படாமல். எண்ணெய் ஒரு மாதம் போகட்டும். புண்மேல் மஞ்சள், விபூதி, குங்குமம் எதுவும் வேண்டாம். புருவ மத்தியில் இட்டுக்கொள்ளலாம்.

மூளை வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மாத்திரையான டெக்ஸாமெத்தாசோன் கொடுத்திருந்தால் குறைத்துக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு அதற்குள் தூங்கிப்போயிருக்கும். சட்டென்று நிறுத்தினால் சோர்ந்து விழுவார். அது இருக்கும்வரை பசி, எரிச்சல், தூக்கமின்மை, சர்க்கரை ஏற்றம் எல்லாம் வரும். காலை வேளையில் கொடுத்தால் தூக்கம் கொஞ்சம் தப்பும். அவர் எரிந்து விழுவதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள், அதில் பாதி மாத்திரை பேசுவது.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து நேரத்தைப் பாருங்கள். கையில் சாவி கொடுப்பது, பல்லிடுக்கில் ஸ்பூன் வைப்பது இரண்டும் வேண்டாம். பல் உடைந்து மூச்சுக்குழலுக்குள் போகும். 5 நிமிடம் தாண்டினால் 108.

சேலம் 200 கிலோமீட்டர். பகலில் காரில், நடுவில் இறங்கி நடந்துவிட்டுப் போங்கள். ராத்திரி ஸ்லீப்பர் பஸ்ஸின் கடைசி வரிசை வேண்டாம். விமானம் என்றால் மண்டையோட்டுக்குள் தங்கிய காற்று உயரத்தில் விரியும் என்பதால் சர்ஜன் அனுமதி தரும்வரை காத்திருங்கள். வண்டி ஓட்டுவதும் அப்படியே. வலிப்பு வந்தவர்கள் இன்னும் நீண்ட நாள் காத்திருக்க வேண்டும்.

போகிற வழியிலானாலும் ஊரிலானாலும் இவற்றில் ஒன்று வந்தால் பக்கத்தில் சி.டி. வசதி உள்ள மருத்துவமனைக்குப் போங்கள்: கூடிக்கொண்டே போகும் தலைவலியோடு வாந்தி, எழுப்பினாலும் எழாத தூக்கம், புதிதாகக் கைகால் பலவீனம் அல்லது பேச்சுக் குழறல், 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், புண்ணிலிருந்து நீர் வடிதல், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தல். மற்றபடி மூன்று மாதம் வரை சோர்வு இருக்கும். பத்து நிமிடம் பேசிவிட்டு இரண்டு மணி நேரம் தூங்குவார். அதை நோய் திரும்பிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பயாப்சி ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. வேறு டாக்டரிடம் காட்ட எதையெல்லாம் கேட்டு வாங்க வேண்டும்?
– வாசகி, ஜீவன்பீமா நகர்

சாதாரண ரிப்போர்ட்டுக்கு ஒரு வாரம் முதல் பத்து நாள். மரபணுச் சோதனை சேர்ந்தால் இன்னும் கூடும். ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் எடுத்த எம்.ஆர்.ஐ. படங்கள் சிடியில் வேண்டும். பிலிமைப் பார்த்து இரண்டாவது கருத்துச் சொல்வது கடினம். டிஸ்சார்ஜ் தாள் மட்டும் போதாது, ஆபரேஷன் குறிப்பின் நகலையும் கேளுங்கள். எவ்வளவு எடுத்தார்கள், எங்கே விட்டுவைத்தார்கள், என்ன தகடு போட்டார்கள் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். டைட்டானியம் தகடு இருப்பவருக்கும் பிறகு எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், ஸ்கேன் அறையில் முன்கூட்டியே சொன்னால் போதும்.

கட்டியின் துணுக்கு மெழுகுக் கட்டியாக ஆய்வகத்தில் இருக்கும். அதற்கு ‘பிளாக்’ என்று பெயர். கண்ணாடி ஸ்லைடோடு பிளாக்கையும் எழுதிக் கொடுத்து வாங்கலாம். வாங்கும்போது தாளில் உள்ள எண்ணும் அதில் உள்ள எண்ணும் ஒன்றா என்று அங்கேயே சரிபாருங்கள். வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், மெழுகு இளகிவிடும்.